சாம்பல் நிறத்துக்குக் கீழே

'தேவையற்ற கோப்புகளை அழித்து வேகமாக்கவா?' என்று மடிக்கணினி கேட்கிறது.

பாலையூற்றில் நாங்கள் முன்பு இருந்த வீட்டில் எங்கள் கணினி, அம்மா தைத்த பூத்துணி உறைக்குள் இருந்தது. ஓடும்போது அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம். அண்ணா போராடவென்று இயக்கத்துக்குப் போனபின், இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பயந்து அவருடைய படங்களையெல்லாம் அம்மா அடுப்பில் எரித்தார். அதற்கு முன் அக்கா அவற்றை ஸ்கேன் செய்து, கணினிக்குள் விளங்காத பெயர்களில் ஒளித்துவைத்தாள். ஆமி பார்த்தாலும் குப்பை என்று நினைக்கவேண்டும். விசாரித்தால் தெரியாமலிருப்பதே நல்லதென்று அப்பாவுக்குச் சொல்லவில்லை.

குப்பை என்று நினைத்தது அப்பாதான். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், மேசையில் ஒரு தூசு கிடந்தாலும் பொறுக்கமாட்டார். ஒரு ஞாயிறு, கணினி இழுபடுகிறதென்று அவற்றை அழித்து, அதை வேகமாக்கும் டிஃப்ராக்கையும் பின்னேரம்வரை ஓடவிட்டார்.

டவுனில் கணினி திருத்துபவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அழிச்சதோட விட்டிருந்தா எடுத்திருக்கலாம் ஐயா. வேகமாக்கேக்க அதுக்கு மேல வேற எழுதிட்டுது. இனி ஏலாது."

அவர் மீட்டுப் பார்த்ததில் ஒரேயொரு படம் பாதி திறந்தது. நெற்றி, கண்கள், மூக்கு. கீழே வெறும் சாம்பல் நிறம்.

"இதில பிள்ளை சிரிச்சவனோ?" என்று அம்மா கேட்டார். எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அப்பா அதன்பிறகு கணினியைத் தொடவில்லை. அண்ணா வரவேயில்லை.

'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு, கண்ணை மூடி அண்ணாவின் வாயைத் தேடுகிறேன்.