தலைகீழாய்த் திருப்பிய பூசணி விதை

ஒருத்திக்குக் கைராசி உண்டு, இன்னொருத்திக்கு இல்லை என்று நீங்கள் எப்போதாவது சொன்னதுண்டா? அப்படியானால் இந்தச் சின்னவளின் கதை உங்களுக்குத்தான்.

நாற்றுப் பண்ணை ஒன்றில் ஓரகத்திகள் இருவருக்கு வேலை. பெரியவள் விதை போட்ட தட்டெல்லாம் முளைத்தது, சின்னவளுடையது அழுகியது. அவள் தட்டுகளுக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் கழுத்து வளையவில்லை.

"உனக்குக் கைராசி இல்லம்மா. அடுத்த வாரத்துலேர்ந்து நீ மண் மூட்டை தூக்கு," என்றாள் முதலாளியம்மா.

நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை பெரியவளுக்கு. வெயிலும் இடுப்புவலியும் சின்னவளுக்கு.

"விடுடி, மூட்டை தூக்கினா உடம்பு இளைக்கும்," என்று சிரித்தாள் பெரியவள்.

சின்னவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டில் மாமியாருக்குக்கூடப் பெரியவள் கை கொடுத்த தண்ணீர்தான் தொண்டையில் இறங்கும்!

பூசணி விதையைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஊன்றுவது பண்ணை வழக்கம். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும், பெரியவள் ஊன்றிய ஒரு தட்டு விதைகளைத் தோண்டி, கூர்முனை மேலே வரும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள் சின்னவள்.

"இப்ப முளைக்கட்டும், உன் ராசி."

முளைத்தது. தட்டு நிறைய.

"தங்கக் கைடி உனக்கு!" முதலாளியம்மா பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அக்கா கையாவது ராசியாவது! எல்லாத்தையும் நான்தான் தலைகீழாத் திருப்பி வெச்சேன்!"

பெரியவள் ஒரு நாற்றை உருவினாள். மேலே கிளம்பிய வேர் கொக்கிபோல் வளைந்து கீழே இறங்கியிருந்தது. வேர் நுனியின் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் உண்டு. அவை அடியில் போய்ப் படியும் பக்கமே கீழ் என்று வேர் உணர்கிறது. பிறகு அதன் மேல்பக்கம் விரைவாகவும் அடிப்பக்கம் மெதுவாகவும் வளர்வதால் அது வளைந்து இறங்குகிறது. யார் ஊன்றினார்கள் என்று அது கேட்பதில்லை.

"அப்ப என் கையில ஒண்ணுமே இல்லையாடி?" பெரியவளின் முகம் தொங்கிப்போனது.

"என் கையிலயும் குறை இல்லக்கா. மேல பாரு, குழாய் ஒழுகுது."

முதலாளியம்மா அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். "திருட்டு வேலைக்கு இந்த வாரம் மூட்டை தூக்கு. குழாயைச் சரி பண்ணிடறேன், அப்புறம் உன் இடத்துக்கு வா."

பொறாமை மட்டும் போகவில்லை. ஜன்னலோரம் இருக்கும் பெரியவளின் நாற்றுகள் இன்றும் கொழுகொழுவென்றுதான் நிற்கின்றன. சின்னவள் இப்போது அந்த ஜன்னல் வெளிச்சத்தைக் கேட்டுச் சண்டை போடுகிறாள்.

என்னை நம்ப வேண்டாம். கண்ணாடிக் குவளையில் ஈரத்துணி வைத்து ஓர் அவரை விதையை முளைக்க விடுங்கள். வேர் நீண்டதும் குவளையைப் படுக்க வையுங்கள். வேர் திரும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நீங்கள் ராசியில்லாதவள் என்று ஒதுக்கியவளிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.