எல்லா வீட்டிலும் ஓம்

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், ட்வெய்ட்டா சென்டர் கடைத்தொகுதியில் சிந்துஜாவைக் கண்டேன். கையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே ஒரு கோப்பி மக், ஒரு சோடி ஹீல்ஸ், வாடிப்போன பூச்சாடி ஒன்று.

"என்ன பிள்ளை, லீவோ?"

"இல்லை அன்ரி. நாங்கள் தோத்திட்டம் எல்லோ? மேசையை ஒதுக்கிக் குடுத்திட்டு வாறன்."

தோற்றது அவள் அல்ல, அவள் ஆலோசகராக வேலை செய்த எம்பி. அதுவும் சொற்ப வாக்கில். ஆனால் எம்பி உள்ளே போனால்தான் ஆலோசகரும் உள்ளே... அந்த வேலை அப்படி.

சிந்துஜாவை உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவளுடைய தொழில். பதினாறு வயதில் இதே ட்வெய்ட்டா ரயிலடியில், கட்சிக் கூடாரத்தில் வாஃபிள் சுட்டாள். இந்த நோர்வே நாட்டில் வாஃபிள் சுடாமல் தேர்தல் நடக்காது. பக்கத்துக் கூடாரத்து எதிர்க்கட்சிக்காரரும் வந்து ஒன்று வாங்கிச் சாப்பிடுவார். ஊர் எலெக்‌ஷன் பார்த்து வளர்ந்த எனக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை.

பிறகு துண்டுப்பிரசுரம். பிறகு வீடு வீடாகக் கதவு தட்டும் கூட்டத்துக்கே பொறுப்பு. பிறகு பாராளுமன்றம். சபையில் எம்பி கேட்கும் கேள்விகளை இவள்தான் எழுதுவாள். அவளுடைய அம்மா நேரலை பார்த்துக்கொண்டே எனக்கு போன் எடுப்பார். "டிவியைப் போடுங்கோ அக்கா, என்ர பிள்ளை கதைக்கிறாள்!" போட்டால், பொன்னிற முடியோடு ஒரு நோர்வேஜியப் பெண்மணி கதைத்துக்கொண்டிருப்பார்.

இந்த முறை எங்கள் எல்லிங்ஸ்ருட் பக்கத்துத் தமிழ் வீடுகளை அவளே தட்டினாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். நான் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தேன். அவள் 'மாமா' என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழும்பியே நின்றார்.

"ஓம் ஓம் பிள்ளை, உங்களுக்குத்தான். இதில கதைக்க என்ன கிடக்கு?"

இரண்டு நாள் கழித்து இன்னொரு கட்சிப் பொடியன் வந்தான். அவனுக்கும் ஓம். பிறகு மூன்றாவது கட்சியிலிருந்து ஒரு நோர்வேஜியக் கிழவர். அவருக்கு அதே ஓம், நோர்வேஜிய மொழியில்.

"ஏனப்பா, எல்லாருக்கும் ஓம் எண்டுறீங்கள்?"

"வீடு தேடி வந்த சனத்திட்டை இல்லையெண்டு சொல்லுறதே?"

மனிதருக்கு மரியாதை முக்கியம். நான் சிந்துஜாவின் கட்சிக்கே போட்டேன்; ரோல்ஸ் கொடுத்துவிட்டு மாற்றிப் போட மனம் வராது. இவர்? இங்கே நூலகத்தில் வாரக்கணக்கில் முன்கூட்டியே வாக்குப் போடலாம். கடைசி நாளான தேர்தலன்றே போவோம் என்று இருந்தார். கடைசி நாள் மழை பெய்தது. அவ்வளவுதான்.

தோல்வியை ஒப்புக்கொண்டு அந்த எம்பி பேசியதை டிவியில் பார்த்தேன். பழி இல்லை, புலம்பல் இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. எழுதியது யார் என்று சொல்ல வேண்டுமா?

சிந்துஜாவைக் கோப்பிக் கடையில் இருத்தினேன்.

"இனி என்ன செய்யப்போறாய்?"

"வேலை தேடோணும் அன்ரி. வாஃபிள் சுடத் தெரியும்."

சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பேச்சை மாற்றினேன். வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என்று இரண்டு உரை எழுதி வைப்பதுதான் வழக்கம் என்று முன்பொருமுறை அவளே சொல்லியிருக்கிறாள்.

"வெண்டால் வாசிக்கிறதுக்கு எழுதினதை எனக்குக் காட்டன், பாப்பம்."

"அது எழுதேல்லை அன்ரி."

"ஏன்?"

"தட்டின வீடெல்லாம் ஓம் எண்டுதான் சொன்னவை. வாக்குப் போடப் போற ஆக்கள் அப்பிடி லேசில விடமாட்டினம், அன்ரி. பஸ்ஸை ஏன் குறைச்சனீங்கள், போனமுறை சொன்னது என்னாச்சு எண்டு வாசலிலையே வைச்சு ஏசுவினம். இந்தமுறை ஒருத்தரும் ஏசேல்லை. தேத்தண்ணிதான் தந்தவை. அப்பவே மற்றதை எழுதத் தொடங்கீட்டன்."

நான் பொரித்துக் கொடுத்த ரோல்ஸ் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் மக்கைப் பெட்டிக்குள் சரியாக வைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"மாமா வாக்குப் போட்டவரோ அன்ரி?"

"ஓம் பிள்ளை," என்றேன். "இன்னொரு கோப்பி குடியன்?"