வெறும் தண்ணி

என் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கிறது. டீக்கடைகளில் வைத்திருப்பார்களே, உடம்பெல்லாம் வரி ஓடிய சின்ன டம்ளர், அதே வகைதான். அதன் அடியில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அது போகவில்லை. சென்னையில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண், அழுக்கு டம்ளரைத் தூக்கிப் போடேன் என்று ஒவ்வொரு முறை அறையைக் கூட்டும்போதும் சொல்கிறாள். அது அழுக்கு இல்லை, வருடக்கணக்காகக் குடித்த டீயின் கறை. டம்ளர் என் அண்ணியுடையது. நான் வேலைக்குப் புறப்பட்ட அன்று, துணிப்பையில் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் பழைய துணி சுற்றி அவர் வைத்துவிட்டது. இன்று ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம் என்று சொல்வது என் வேலை. அந்த வேலையின் முதல் பாடம் எனக்கு இந்த டம்ளரில்தான் கிடைத்தது.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் எங்கள் குப்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான், ஆனால் வாயில் வைக்கிற தண்ணீர் குறைவு. அதனால் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம். ஏரித் தண்ணி, கடல் தண்ணி, குழாயடித்து எடுக்கும் போர் தண்ணி, திருப்பாலைவனத்துப் பக்கமிருந்து வரும் லாரித் தண்ணி. போர் தண்ணி உப்புக் கரிக்கும். லாரித் தண்ணி வரும் நாள் வரும், வராத நாள் வராது. வந்ததைச் சோற்றுக்கும் டீக்கும் என்று மூடி வைப்பார்கள். தாகம் என்றால் டீதான். விடியும் முன் ஏரியிலிருந்து படகு வந்து இறாலை, எங்கள் பேச்சில் எறாவை, பிரிக்க உட்காரும்போது டீ, கூடையை ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் டீ, வந்த பிறகு டீ, சாப்பிட்ட வாய்க்கு டீ. யாராவது வீட்டுக்கு வந்தால், "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பார்கள். டீயைத்தான் சொல்கிறார்கள் என்று வந்தவருக்கும் தெரியும். முன்னால் வேறு பெயர் ஒட்டாமல் சும்மா 'தண்ணி' என்றால் எங்கள் குப்பத்தில் அது டீ.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், விடுதிச் சாப்பாட்டு அறையில் நான் தண்ணி கேட்டேன். ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். "இது இல்ல, தண்ணி" என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. மதுவைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதன்பின் அந்த வார்த்தையை ஊரிலேயே விட்டுவிட்டு வரப் பழகிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது, மறைப்பதற்கில்லை. நான் எடுத்த படிப்பு உணவியல். "சோறு துன்றதுக்கு ஒரு காலேஜா?" என்று ஏலத்திடலில் ஒரு பெரியவர் என் அம்மாவைக் கேட்டுச் சிரித்தார். அம்மாவை முந்திக்கொண்டு அண்ணிதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நீ துன்றதப் பாத்தா ரெண்டு காலேஜு வேணும் மாமா" என்று சொன்னாராம்.

அண்ணி சுண்ணாம்புக்குளத்துப் பெண். அவர் ஊரில் பாதித் தெலுங்கு. அப்பாவை நைனா என்பார், கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், சிரிப்பு வந்தால் தமிழில் சிரிப்பார் என்று அண்ணன் கிண்டல் செய்வான். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். முதல் குழந்தை பிறந்தபோது அவருக்கு ரத்தம் நிற்காமல் போயிற்று. பொன்னேரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோய், யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இரண்டாவது முறை உண்டானார். இந்த முறையும் உடம்பில் ரத்தம் குறைவு என்றார்கள். ரத்தம் ஏறாமல் பிரசவ நாள் வந்துவிட்டால் முதல் தடவைபோல் தப்பிப்பது நிச்சயமில்லை என்று டாக்டரம்மா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

நான் விடுமுறைக்கு வந்தபோது அண்ணியின் உதடு வெளுத்துக் கிடந்தது. ஏலத்திடலுக்கு நடந்து போவதற்குள் மூச்சு வாங்கினார். முறத்திலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தார். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி அரிசியையும் மண்ணையும் தின்னத் தோன்றும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். படித்ததையெல்லாம் வீட்டில் இறக்கினேன். பேரீச்சம்பழம் வாங்கச் சொன்னேன். மதிலோரத்து முருங்கைக் கீரையை நெத்திலிக் கருவாட்டோடு போட்டு வதக்கினேன். அண்ணன் தன் யோசனையாகப் பீட்ரூட் வாங்கி வந்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. நிறம் வேறு, சத்து வேறு, பீட்ரூட்டைவிட அந்தக் கருவாடு மேல் என்று நான் சொன்னதை அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணி கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். அரசு கொடுத்த சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டு வந்தார்.

மாத்திரை விஷயத்தில் எங்கள் குப்பத்துக்கு நல்ல பெயர் கிடையாது. குமட்டுகிறது, வயிறு கட்டுகிறது என்று பல பெண்கள் அதை ஏரியில் போட்டுவிடுவார்கள். "எறா ஏன் செவப்பா கீது தெரியுமா? நம்ம பொம்பளைங்க மாத்திரையத் துன்னுட்டுத்தான்" என்று படகில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. அதனால் அங்கன்வாடியில் நர்சம்மா அண்ணியின் விரலில் குத்தி ரத்தம் பார்த்து, போன தடவை இருந்ததுதான் இருக்கிறது என்று கண்டபோது, அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஏம்மா, ஏரியில போடறதுக்கு என்கிட்டயே திருப்பிக் குடுத்தா வேற யாருக்காவது ஆகுமில்ல?" என்றார்.

"நான் போடல நர்சம்மா. தெனிக்கும் சாப்புடுறேன்."

"எதுல போட்டு முழுங்குற?"

"தண்ணிலதான்."

"தண்ணியில முழுங்கியிருந்தா ரத்தம் ஏறியிருக்கும். என்கிட்ட சொல்ற பொய்ய ஆஸ்பத்திரியில சொல்ல முடியாது. அங்க உயிர் போயிடும்."

நர்சம்மா கெட்டவர் இல்லை. வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்து, குடிசை குடிசையாக நடப்பவர். அண்ணி பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் கத்தினார். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் அண்ணனும் கேட்டான். அவன் வீட்டுக்குப் பின்னால் போய், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகுக்கு அடியிலும் வலைக் குவியலிலும் மாத்திரை கிடக்கிறதா என்று தேடினான். அண்ணி கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாகூட, "சாப்புட்டன்னா ஏன்மே ஏறல?" என்று முனகினாள். தன் உயிரைப் பற்றிய பயம் அண்ணிக்கு ஏற்கெனவே இருந்தது. இப்போது தன் சொல்லை நம்ப ஆளில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

படுக்கப் போகும் முன் என்னிடம் மட்டும் கேட்டார். "நீயும் நான் பொய் சொல்றன்னு நெனைக்கிறியா பாப்பா? கருகருன்னு எருமை சாணி மாதிரி போவுது. அதையா கொண்டாந்து நர்சம்மா கைல காட்டறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிட்டது. சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அப்படிக் கறுப்பாகப் போகும். பாடத்தில் இருக்கிறது. ஆக மாத்திரை அவர் வயிற்றுக்குள் போகிறது. ரத்தத்தில்தான் சேரவில்லை. "நீங்க சாப்புடுறீங்க அண்ணி, எனக்குத் தெரியும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

மறுநாள் காலை அண்ணி அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். படகு வந்துவிட்டிருந்தது. வாசலில் எறா குவிந்து கிடந்தது. கை கழுவிவிட்டு, இந்த டம்ளரில் கெட்டியாக டீயை ஊற்றி ஆற்றினார். மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தார்.

"இன்னா பண்றீங்க அண்ணி?"

"பாத்தாத் தெரில? தண்ணில மாத்திரை போட்டுக்கினு கீறேன்."

"அது டீ."

"ஆமா, தண்ணி."

எனக்கு விடுதிச் சாப்பாட்டு மேசையும் அங்கே எழுந்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. நர்சம்மா தண்ணியில் முழுங்கச் சொன்னார். அண்ணி தண்ணியில் முழுங்கினார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நர்சம்மாவின் தண்ணியும் அண்ணியின் தண்ணியும்தான் வேறு வேறாக இருந்தன. டீயின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பை எடுத்துக்கொள்ள விடாது. இதைத் தேர்வில் நான் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். மாத்திரை மட்டுமல்ல, கருவாடும் கீரையும் சாப்பிட்ட கையோடு அண்ணி குடித்த டீயும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. படித்தவர்களில் அந்த வீட்டுப் பேச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த வீட்டுப் பேச்சு தெரிந்தவர்களில் படித்தவளும் நான் ஒருத்திதான். அதை நினைக்கும்போது வருகிற பெருமையை அடக்க வேண்டிய அவசியம் எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

டீயை அடியோடு நிறுத்தச் சொன்னால் எங்கள் ஊரில் எடுபடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் வேண்டாம், நன்றாக நேரம் விட்டுக் குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு முழுங்கினால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகும் என்றேன். அன்று லாரி வரவில்லை. காய்ச்சி ஆறவைத்த போர் தண்ணியில் அண்ணி எலுமிச்சையைப் பிழிந்தார். உப்புக் கரிக்கும் என்று நான் முகத்தைச் சுளித்தேன். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"உப்பு போடற வேலை மிச்சம் பாப்பா. ஜூஸுக்குன்னே ஆண்டவன் பூமிக்குள்ள கலந்து வெச்சிக்கீறான்."

எல்லோரும் கரிக்கிறது என்று ஒதுக்கிய தண்ணீர் எலுமிச்சையோடு சேர்ந்ததும் கடையில் வாங்கிய பானம்போல் ஆகிவிட்டது. விஷயத்தைக் கேட்ட அண்ணன் மறுநாள் பொன்னேரிக்குப் போய் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அண்ணியின் காலருகே வைத்தான். "ஊறுகாய்க் கடை வெக்கப் போறியா?" என்று கேட்டார் அண்ணி. படகுக்கு அடியில் தேடியதைப் பற்றி இருவரும் அதன்பின் பேசியதாக எனக்குத் தெரியாது.

நர்சம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். முதலில் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அங்கன்வாடியில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டார். "நீ எதுல முழுங்குற?" "தண்ணில." "அது வெள்ளையா இருக்குமா, பழுப்பா இருக்குமா?" "பழுப்பாத்தான்" என்றார்கள் பெண்கள். நர்சம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் மட்டும் எலுமிச்சையைப் போர் தண்ணியில் கலக்க வேண்டாம் என்று பிறகு எச்சரித்தார். அந்த நாள்முதல் அவர் வாயில் 'தண்ணியில் முழுங்கு' என்ற சொல் வரவில்லை. "வெறும் தண்ணி, டீ இல்லாத தண்ணி" என்பார்.

ரத்தம் மெதுவாகத்தான் ஏறியது. முதல் முறை பார்த்தபோது கொஞ்சம், அடுத்த முறை இன்னும் கொஞ்சம். உதட்டில் நிறம் வந்தது. முறத்து அரிசி முறத்திலேயே இருந்தது. அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாருடைய ரத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. குழந்தையைப் பார்க்க நர்சம்மா வீட்டுக்கு வந்தார். பொய் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா நர்சம்மா?" என்றார் அண்ணி.

நர்சம்மா நிமிர்ந்தார். "எந்தத் தண்ணி?"

அண்ணி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. நர்சம்மாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர்களுக்குள் இருந்த கணக்கு அதோடு தீர்ந்தது.

இப்போது குப்பத்துக்குக் கேன் தண்ணீர் வருகிறது. உப்பில்லாத அந்தத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று அண்ணி குறை சொல்வார். எலுமிச்சை பிழிந்தால் உப்பைத் தேடி எடுத்துப் போட வேண்டியிருக்கிறதாம். கைப்பேசியைத் திறந்தால் எந்தப் பழத்தில் எந்த வைட்டமின், எந்தக் கீரை எதற்கு நல்லது என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் என் முன்னால் உட்காருகிறவரிடம், எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகு, எதோடு, எப்போது, உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர் என்றும் கேட்பேன். எதற்கு இத்தனை கேள்வி என்று சிலர் சலித்துக்கொள்வார்கள்.

நேற்று வேலை முடிந்து வந்து, டம்ளரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அண்ணியோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். நிரப்பிய தண்ணீருக்கு அடியில் அந்தப் பழுப்பு வளையம் பளிச்சென்று தெரிந்தது. பேச்சுக்கு நடுவில் ஒரு வாய் குடித்தேன். முழுங்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னா குடிக்கிற பாப்பா?"

"தண்ணி அண்ணி."

"எந்தத் தண்ணி?"