மயில்துத்தமும் காப்பர் சல்பேட்டும்

கெமிக்கல் கடை வேலை என்பது, கல்லூரியில் உருப்போட்ட பெயர்களை மூட்டை கட்டிவிட்டு, வாடிக்கையாளர் வாயில் வரும் பெயர்களைப் புதிதாக உருப்போடுவது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்கேயோ போய் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது புரியும். தாம்பரத்தில் பி.எஸ்ஸி. முடித்த நான், எண்பதுகளின் கடைசியில் பம்மலில் மாட்டிக்கொண்டேன்.

லேபிள்

சேர்ந்த வாரமே டிரம்களில் சாக்பீஸால் எழுதியிருந்த மயில்துத்தம், நவச்சாரம், வெங்காரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, காப்பர் சல்பேட், அம்மோனியம் குளோரைடு, போராக்ஸ் என்று இங்கிலீஷில் அழகாக லேபிள் ஒட்டினேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கழித்துப் போனால், முதலாளி ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

“வாங்க பி.எஸ்ஸி. சார், நீ லீவு போட்டே, கடைக்கும் லீவு வுட்டுட்டேன்.”

ஹைப்போ

போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஓடிவந்து, படம் கழுவும்போது கறுக்காமல் நிறுத்தும் ஹைப்போ கேட்டார். அதன் முழுப்பெயர் சோடியம் தயோசல்பேட் என்று ஆரம்பித்து, ஃபார்முலாவரை சொன்னேன். நல்லவர், முழுக்கக் கேட்டார்.

“பேரு நல்லா கீது சார். அங்க கல்யாணப் பொண்ணு படம் கறுத்துகினு கீது, சீக்கிரம் குடு.”

காதர் பாய்

காதர் பாய் பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டில் இருபது வருஷமாகச் சரக்கு கலக்குகிறவர். தோலைத் தொட்டுப் பார்த்தே நவச்சாரம் போதுமா, போதாதா என்று சொல்லிவிடுவார். ஒருநாள் தயங்கித் தயங்கி, “சூப்பர்வைசர் வேல காலியா கீது தம்பி. புது மேனேஜர் எல்லாத்துக்கும் இங்கிலீஷ் பேரு கேக்குறாராம். ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன், மனப்பாடம் பண்ணிக்கிறேன்” என்றார்.

பதினைந்து பெயர் இருக்கும். பத்து நிமிஷ வேலை. நாளைக்குத் தருகிறேன் என்றேன். நாலு சாயங்காலம் வந்தார், நாலு முறையும் அதையே சொன்னேன். வேலை அதிகமெல்லாம் இல்லை. மூன்று வருஷம் நான் கஷ்டப்பட்டுப் படித்ததை இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கொண்டுபோவதா என்ற அற்பப் பொறாமைதான். இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் வழக்கம்போல சரக்கு எடுக்க வந்தார். அவசரமாகப் பேப்பரை எடுத்து எழுத உட்கார்ந்தேன். தடுத்துவிட்டார்.

“வேணாம் தம்பி, நேத்தே வெளியாள போட்டுட்டாங்க. அவருக்கு எல்லாப் பேரும் தெரியுது. எது எவ்ளோ போடணும்னு என்னைத்தான் கேக்குறாரு.”

நான் படித்த பெயர்களால் ஒரு மனுஷனுக்கு நல்லது நடந்திருக்கக்கூடிய ஒரே வாரம் அது, அந்த வாரம் முழுக்க நான் லேபிள் ஒட்டிய டிரம்களுக்கு நடுவே சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.