அதிதூதரின் முற்றம்

அதிதூதர் மடத்து விரிகுடாவை விட்டுக் கிளம்பும்முன் ஸ்தேர்கோஸ் மாமா எஞ்சின் சாவியைத் தொடமாட்டார். முதலில் பயணிகள் பக்கம் திரும்புவார். ஆங்கிலத்திலும் இத்தாலியனிலும் ஜெர்மனிலும் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அதிதூதருக்கு நேந்துக்கிட்டு யாராச்சும் குடுக்காம இருக்கீங்களா?"

பயணிகள் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். கடைசித் தலையும் இல்லை என்று அசையும்வரை அவர் காத்திருப்பார். பதினைந்து கோடைகள் இதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய தலை அசைந்ததா என்று ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

நேர்ந்ததைக் கொடுக்காதவன் ஏறிய படகு அந்த விரிகுடாவை விட்டு நகராது. எங்கள் தீவில் இதை நம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்குத் தெற்குக் காற்று என்று சொல்வதுபோலத்தான் சொல்வார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான்காவதோடு பள்ளியை விட்டு மீன்பிடிக்கப் போனார். மீன் குறைந்ததும் தன் மீன்பிடிப் படகான 'ஃபோத்தினி'யில் பெஞ்சுகள் போட்டு, மேலே துணிக்கூரை கட்டிச் சுற்றுலாப் படகாக்கினார். காலையில் துறைமுக ஊர், மதியம் கூரையில்லாத வீடுகள் மட்டும் மிஞ்சியிருக்கும் பழைய மீனவக் கிராமம், மாலையில், தேவதூதர்களுக்குத் தலைவரான அதிதூதரின் மடம். அந்தக் கிராமத்தில் பேசிக்கொண்டே இறங்குகிறவர்கள் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆளில்லாத வீடுகளின் கதவுகள் உள்பக்கமாகத் தாழிட்டிருப்பதை யாராவது ஒருவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தப் படகின் வருமானத்தில்தான் நான் பத்ராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. என் மதிப்பெண் தாளை மாமா சுக்கானுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். உப்புக்காற்றில் எழுத்துகள் போய்விட்டன, தாளை மட்டும் எடுக்கவில்லை.

நான் படிப்பை முடித்த செப்டம்பரில் அது நடந்தது. நாற்பத்தொரு பயணிகள். மாமா கேட்டார், எல்லாரும் தலையசைத்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. மலையில் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரே நேரத்தில் நின்றன.

நான் மூடியைத் திறந்தேன். பேட்டரி, டீசல், ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"படிச்சவளே, என்னடி ஆச்சு?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. கிளம்பணும். ஏன் கிளம்பலைன்னு தெரியல."

"இதுக்கா அஞ்சு வருஷம் படிச்ச?"

மடத்து வாசலில் மெழுகுவத்தி விற்கும் அனெசினி படகுத்துறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஸ்தேர்கோசு! ஊர் உலகத்தையெல்லாம் கேக்கற. உன்னை யாருப்பா கேக்கறது?"

"உன் வியாபாரத்தப் பாரு."

"நான் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீ போவியா?"

மாமா தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

மடத்து முற்றத்தின் சுவரோரம் நேர்த்திக்கடனாக வந்த துடைப்பங்கள் குவிந்திருக்கும். எங்கோ கடலில் நேர்ந்து போட்ட துடைப்பம்கூட நீந்தி வந்ததுபோல இங்கேதான் கரை ஒதுங்கும். மாமா ஒன்றை எடுத்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த தரையைப் பெருக்கத் தொடங்கினார்.

சுவருக்கு அப்பால் பின்முற்றத்திலும் யாரோ பெருக்கினார்கள். அதே வேகம், அதே இழுப்பு. மாமா நிறுத்தினார். அங்கே இன்னும் ஒரே ஒரு இழுப்பு கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நான் வளைவுக்குள் போய்ப் பார்த்தேன். ஆளில்லை. மண்தரையில் புதிதாகப் பெருக்கிய கோடுகள் சுவர்முதல் சுவர்வரை இருந்தன. அவற்றின்மேல் ஒரு கால்தடமும் இல்லை.

"யாரு மாமா அங்க?"

அவர் நிமிரவில்லை. "இத்தனை வருஷமா எம் பங்கை யாரோ செஞ்சிக்கிட்டிருக்காங்க, அதான் படகு நகர்ந்துச்சு. எத்தனை நாளைக்குத்தான் செய்வாங்க?"

பிறகு சொன்னார். என் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு முடிவுக்கு முந்தின நாள் அவர் நேர்ந்துகொண்டிருக்கிறார். எனக்கு இடம் கிடைத்தால் நாற்பது நாள் இங்கே தங்கி முற்றம் பெருக்குவதாக. கோடையில் படகு விடவில்லை, குளிர்காலத்தில் முழங்கால் விடவில்லை.

"நான் படிச்சு எழுதினேன் மாமா."

"நீதான்டி எழுதின. நானா எழுதினேன்?"

"எத்தனை நாள் பெருக்கியிருக்கீங்க?"

"இன்னியோட ஒண்ணு."

திரும்பி வந்து சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பயணிகள் கைதட்டினார்கள். என்ன கோளாறு என்று ஒருவர் கேட்டார். எரிபொருள் குழாயில் காற்று என்றேன். நான் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாமா மடத்தில் போய்த் தங்கினார். வாரம் ஒருமுறை தொலைபேசியில் கணக்குச் சொல்வார். பிப்ரவரியில் கடைசியாகப் பேசினார்.

"இருபத்தெட்டு ஆச்சு. முட்டி வீங்கிப்போச்சு. வெயில் வரட்டும், மிச்சத்தை முடிச்சிடறேன்."

மறுவாரம் நெஞ்சுவலி வந்தது. பக்கத்திலுள்ள ரோட்ஸ் தீவு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

நாற்பதாம் நாள், இறந்தவருக்காக வேகவைத்த கோதுமையைக் கோயில் வாசலில் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். அனெசினி தன் பங்கை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"பன்னெண்டு பாக்கி. தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை. நான் பெருக்கினா ஆகுமா?"

"யாருக்காக நேந்தானோ அவ பெருக்கலாம். ஆனா சும்மா மாமன் மேல பாசத்துல பெருக்கினா கணக்குல சேராது. கேட்டது கெடச்சுது, வாங்கிக்கிட்டேன்னு சொல்லிட்டுப் பெருக்கணும்."

"நான் படிச்சுத்தான்..."

"அதை எங்கிட்ட ஏன் சொல்ற? நானா மார்க் போட்டேன்?"

இப்போது ஃபோத்தினியை நான் ஓட்டுகிறேன். கூரையில்லாத கிராமம்வரை போய்த் திரும்பிவிடுகிறேன். மடம் ஏன் இல்லை என்று கேட்கும் பயணிகளிடம் அந்தப் பக்கம் நீரோட்டம் சரியில்லை என்கிறேன். நீரோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது.

வாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் நுழைவுத்தேர்வுக்காக இரண்டு வருடங்கள் சமையலறை மேசையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தது யார்? சொல்லாவிட்டால், எனக்காகக் குனிந்த மனிதர் அங்கே இன்னும் கடன்காரராகவே நிற்கிறார். கோடை பாதி போய்விட்டது. பன்னிரண்டு நாளில் ஒன்றைக்கூட நான் பெருக்கவில்லை.