கதவைச் சாத்திப் பார்த்த வெளிச்சம்

இன்று விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரின் சைக்கிள் லைட், துறைமுக ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு எதிரே அணைந்துவிட்டது.

ஓரப் பள்ளத்தில் விழுந்ததால் ஆள் மிச்சம்.

லைட்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது.

"ஏளா, உப்புக்காத்து ஏறிட்டு. ஆன்லைன்ல மலிவா கெடைக்குன்னு வாங்குதிய. இந்தா நிக்காளே, இவளும் இதே லைட்டத்தான் கொண்டு வந்திருக்கா."

நின்றது செல்வி. அதே உப்பளத்தில் வேலை பார்ப்பவள்.

"யக்கா, நீங்க எழுதுனத நம்பித்தான் நானும் வாங்குனேன். 'அருமையான வெளிச்சம், நம்பி வாங்கலாம்'னு போட்டிருந்தீயளே?"

போட்டிருந்தேன். பார்சல் வந்த அன்றே, பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

"நாளைக்கும் நாலு மணிக்குப் போணுமேக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வேறு விற்பனையாளர்களைத் தேடுகிறேன். எல்லோருக்கும் நாலரை நட்சத்திரம். அத்தனையும் என்னைப் போலக் கதவைச் சாத்திப் பார்த்தவர்கள் கொடுத்ததோ என்று சந்தேகம் வருகிறது. யாரைத்தான் நம்புவது?

நம் ஊர்க் காற்றில் மூன்று மாதம் எரிந்த லைட் யாரிடமாவது இருந்தால், எவரிடம் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

"இன்னைக்குத்தான் வந்துச்சு, சூப்பர்" என்பவர்கள் மட்டும் சும்மா இருங்கள். அந்த வேலையை நானே பார்த்து முடித்துவிட்டேன்.