மஞ்சளில் பிடித்த மூஞ்சூறு

மழையில் நனைந்த நாயின் வாடையும் கொழுக்கட்டை வேகும் ஆவியும் கலந்து வந்தால் இன்றைக்கும் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இரண்டும் சேர்ந்து வர நியாயமில்லைதான். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சதுர்த்தியன்று வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

செம்பூரில் பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் குடியிருந்தோம். பாலக்காட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக பம்பாயில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம். வாரத்தில் இரண்டு நாள் வெங்காயத்துக்கே விடுமுறை கொடுக்கிற வீடு. அந்த வீட்டுக்குத்தான், வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன மேலதிகாரி விட்டுச்சென்ற டெரியர் நாயை, ஒரு ஜூன் மாத மாலையில் அப்பா மழைக்கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு, முழங்கால் உயரம்கூடக் கிடையாது. பெயர் பிங்கோ. அது நடந்து நான் பார்த்ததேயில்லை, எப்போதும் ஓட்டம்தான். கட்டிலிலிருந்து ஜன்னல் மேடைக்கு, அங்கிருந்து அப்பாவின் மடிக்கு. அப்பா ரயில் இறங்கி வரும் நேரம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு உடம்பு நடுங்கக் காத்திருக்கும். ஆபீஸ் பையைக்கூட வைக்காமல் அப்பா அதைத் தூக்கிக்கொள்வார். என்னை அப்படித் தூக்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

டெரியர் என்றால் எதற்காக வளர்க்கிற ஜாதி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேளைக்குத் தயிர்சாதம் போட்டோம். "நம்மாத்துச் சாதம் சாப்பிட்டா நம்மள மாதிரியே சாதுவாயிடும்" என்று அம்மா மனதார நம்பினாள். மழை பிடித்துக்கொண்ட ஜூலையில், சாக்கடை வழியாக ஒரு "கூஸ்" ஏறி வந்தது. பெருச்சாளியை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். பிங்கோ அதன் பிடரியைக் கவ்வி ஒரே உதறு உதறியது, அவ்வளவுதான். செத்ததைக் கொண்டுவந்து வாசல் கோலத்தின் நடுவில் போட்டுவிட்டு, மீசையில் தயிர் ஒட்டியிருக்க, பாராட்டுக்காக எங்களை நிமிர்ந்து பார்த்தது. அம்மா "ஈஸ்வரா!" என்று அலறியது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு, மூன்று. வாட்ச்மேன் "ஷேர் ஹை, ஷேர்!" என்று தட்டிக்கொடுத்தார், சிங்கமாம். அம்மா ஒவ்வொரு முறையும் பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்துவிட்டு, மறுபடி தலைக்குக் குளித்தாள். "இந்தாத்துல ஒண்ணு அது இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்பாள். அப்பா சிரித்து மழுப்பிவிடுவார். நானோ அதற்கு "பிடி" என்று ஒரு சொல்லைப் பழக்கியிருந்தேன். சொன்னால் போதும், பந்தோ செருப்போ, பாய்ந்து கவ்வும்.

அந்த வருஷமும் அக்கம்பக்கத்து மராத்தி வீடுகளைப் போல ஒன்றரை நாள் கணபதி வைத்தோம். மூஞ்சூறு தனியாக வரும். கட்டை விரல் அளவில் களிமண், தங்க வர்ணம். அம்மா அடுக்களையில் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அருகம்புல் வாங்கப் போயிருந்தார். மழையில் ஆடிவிட்டு வந்த பிங்கோ என் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. நிஜ எலிக்கும் சுவாமியின் எலிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியுமா என்று பார்க்க ஆசை. மூஞ்சூறை எடுத்துத் தரையில் வைத்து "பிடி" என்றேன். நறுக்கென்று ஒரு சத்தம். ஒரே உதறலில் தங்கத் துண்டுகள் தரையெங்கும் சிதறின.

அம்மா ஓடிவந்தாள். அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார். "அதுவே எடுத்துடுத்து" என்றேன். பிங்கோ வாயில் மண்ணோடு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

"வாகனம் இல்லாம சுவாமி எப்படிப் போவார்?" என்று அம்மா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஞ்சளைப் பிசைந்து ஒரு மூஞ்சூறு பிடித்து, இரண்டு மிளகை அழுத்திக் கண் வைத்தாள். மறுநாள் அதையும் சேர்த்துத்தான் கரைத்தோம். அதற்கடுத்த நாள் அப்பா பிங்கோவைக் காட்கோபரில் தெரிந்தவரின் தானியக் கிடங்கில் கொண்டுபோய் விட்டார். "அங்கே எலி நெறைய, ஜாலியா இருக்கும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் சேதி வந்தது: யாரோ வைத்த மருந்தைத் தின்ற எலியைக் கடித்து, பிங்கோ செத்துப்போய்விட்டதாம். அப்பா ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நெருளில் பதினான்காவது மாடியில் இருக்கிறேன். எலி இவ்வளவு உயரம் வருவதில்லை. செம்பூர்க் கட்டடம் இடிந்து, அந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. மூஞ்சூறு இப்போதெல்லாம் பீடத்தோடு ஒட்டியே வருகிறது. இந்தச் சதுர்த்தியன்று என் மகள் அதைப் பிய்க்கப் பார்த்தபோது, என்னோடு இருக்கும் அம்மா சட்டென்று சொன்னாள்: "அம்மா மாதிரியே பொண்ணு. அன்னிக்கு நீதானேடி எடுத்துக் கீழே வெச்சே? அடுக்களை வாசல்லேந்து பாத்துண்டுதான் இருந்தேன்."

மகளின் கையை விட்டுவிட்டுத் திரும்பினேன். "அப்போ ஏம்மா சொல்லலை?"

"எனக்கும் அது போனாத் தேவலைன்னு இருந்தது" என்றாள் அம்மா, கொழுக்கட்டைச் சொப்பின் விளிம்பை மடித்தபடியே.

அப்பா கடைசி வரைக்கும், தெருவில் எந்தக் குட்டி நாயைப் பார்த்தாலும், "பாவம், நான்தான் கொண்டுபோய் விட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் ஐந்து வருஷமாகிறது. உங்கள் தப்பில்லை என்று அவரிடம் சொல்ல, அதே வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.